பால் வேண்டாம் என்றவளுக்கு

இன்று காலை தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது. ஒரு போன் வந்தது. எடுத்துப் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் குழம்பு தளதளவென்று கொதித்து, எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே என்று பிரிந்து நின்றது. வீடு முழுக்க அந்த வாசனை. "மொத பாலை ஊத்தினா அடுப்பை விட்டு நகராதேன்னு எத்தனை தடவைடி சொல்றது?" என்று நீ பின்னாலிருந்து கத்துவாய் என்று கரண்டியும் கையுமாகக் கொஞ்சநேரம் நின்றேன். பிறகு அந்தத் திரிந்த குழம்பையே சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பினேன். ருசியில் ஒன்றும் குறைவில்லை. பார்க்கத்தான் சகிக்கவில்லை.

நீ போய் இரண்டு சம்பா அறுவடை ஆகிவிட்டது. நான் இன்னும் தஞ்சாவூர் கீழவாசலில் அதே மாடிப் போர்ஷனில்தான் இருக்கிறேன். வீட்டுக்காரம்மா, "தனியா எதுக்கு இவ்வளவு வாடகை, இன்னொரு பொண்ணைச் சேத்துக்கோங்களேன்" என்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் வருகிறவள் முதல் நாளே ஒரு பால் பாக்கெட்டோடு வந்து ஃப்ரிட்ஜைத் திறப்பாள். நான் ஏதாவது சொல்லித் தொலைப்பேன். என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

நினைத்துப் பார்த்தால் நாம் இரண்டு பேரும் சேர்ந்ததே செலவுக்குப் பயந்துதான். நீ ஆடிட்டர் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாய், நான் ஸ்கூல் ஆபீஸில் கிளார்க். எனக்கு அப்பா படுக்கையில் விழுந்ததில் கல்யாணம் நின்றது. உனக்கு ஜாதகத்தில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே வயசு போனது. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே அடுப்பு, ஒரே மிக்ஸி. சனிக்கிழமை மத்தியானம் நீ வலங்கைமான் பஸ்ஸில் ஏறுவாய், நான் மன்னார்குடி பஸ்ஸில் ஏறுவேன். உனக்கு ஊரில் அண்ணன் வீடு, எனக்கு என் அம்மா. ஞாயிறு சாயங்காலம் திரும்பி வரும்போது உன் பையில் கீரையும் வாழைக்காயும் இருக்கும், என் பையில் அம்மா கொடுத்த நெய் இருக்கும். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பொங்கல் வரைக்கும்.

பொங்கல் லீவு முடிந்து வந்தவள் பையைக்கூட கீழே வைக்காமல், "நான் இனிமே பால் சாப்பிடப் போறதில்லைடி. தயிர், மோர், நெய் எதுவும் வேணாம்" என்றாய். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கறி, மீன் இரண்டு பேரும் ஏற்கெனவே தொடுவதில்லை. இதில் பாலும் போனால் மிச்சம் என்ன இருக்கிறது? "எந்தச் சாமியாரைப் பாத்துட்டு வந்தே?" என்று கேட்டேன். நீ பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போனாய். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அரிசி களைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

உங்கள் வீட்டு மாடு மார்கழி மழையில் கன்று போட்டது. காளைக்கன்று. பத்து நாள்கூடத் தாங்கவில்லை. கன்று செத்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அதனால் கறக்க வருகிறவர் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து, நான்கு குச்சியில் நிறுத்திக் கொண்டுவந்து மாட்டின் முன்னால் வைத்தார். மாடு அதை நக்கும். நக்க நக்கப் பால் சுரக்கும். எங்கள் பக்கத்திலும் இதைச் செய்வார்கள். நானும் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வந்து அந்தப் பாலில் காபி குடித்திருக்கிறேன்.

"மாட்டுப் பொங்கலன்னிக்கு எல்லாத்தையும் குளிப்பாட்டி பொட்டு வெச்சாங்க. அண்ணன் மக அந்த வைக்கோல் கன்னுக்கும் ஒரு பொட்டு வெச்சா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான்டி சிரிச்சேன். அப்பறம் பாக்கறேன், மாடு அந்தப் பொட்டை நக்கி நக்கி அழிச்சுக்கிட்டு நிக்குது. அந்தப் பால்லதான் அன்னிக்குப் பொங்கல் வெச்சோம்."

அவ்வளவுதான் சொன்னாய். அதற்கு மேல் அதைப் பற்றி நீ பேசியதே இல்லை. யாருக்கும் உபதேசம் பண்ணவில்லை, என் நெய்ப் பாட்டிலைத் தூக்கி எறியவும் இல்லை. இப்படிச் சாப்பிடுகிறவர்களுக்கு வீகன் என்று ஒரு பேர் இருக்கிறதென்று நான் போனில் பார்த்துச் சொன்னபோது, "பேரெல்லாம் எதுக்குடி? வேணாம்னா வேணாம்" என்று மாவாட்டப் போய்விட்டாய்.

ஆனால் எனக்குக் கோபம் வந்தது. இப்போது சொல்வதற்கென்ன, நிஜமாகவே வந்தது. தயிர் இல்லாமல் எழுந்தால் எனக்குச் சாப்பிட்ட கணக்கே கிடையாது. நான் தனியாக ஒரு கிண்ணத்தில் தோய்த்து ஜன்னலோரம் வைத்துக்கொண்டேன். நீயோ வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, காய்ச்சி, அதில் பச்சைமிளகாய்க் காம்பை நான்கு கிள்ளிப் போட்டு மூடினாய். காலையில் அது உறைந்திருந்தது. "இதுக்குப் பேரு தயிரா?" என்றேன். "சாப்பிட்டுட்டுப் பேசு" என்றாய். கடலை வாசனை போகவில்லை. ஊறுகாயோடு சேர்த்தால் இறங்கியது என்பதை மட்டும் ஒப்புக்கொண்டேன்.

அதிலும் உனக்குப் பொறுமை போய்விட்டது. வேலைக்குப் போகிறவளுக்கு தினமும் கடலை பிழிய நேரம் ஏது? ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பாய். காலையில் அந்த நீராகாரத்தை வடித்து, உப்பு, இஞ்சி, பச்சைமிளகாய், நாரத்தை இலை கசக்கிப் போட்டு ஒரு ஆற்று ஆற்றினால் மோர் மாதிரியே இருக்கும். ஞாயிறு ராத்திரி ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல். அது வாரத்தில் எந்த நாள் நேரமாகிறதோ அந்த நாளுக்கு. எள்ளும் மிளகாயும் வறுத்துப் பொடித்து டப்பாவில். மற்ற நாளெல்லாம் கீரையோ பருப்போ, மேலே நெய்க்குப் பதில் நல்லெண்ணெய். வெண்பொங்கலில் மட்டும் நமக்குள் தகராறு வந்தது. நெய் இல்லாத பொங்கலை நான் பொங்கல் என்று ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றேன். நீ நல்லெண்ணெயில் மிளகைப் பொரித்து, முந்திரிக்குப் பதில் கடலையை வறுத்துக் கொட்டி என் தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனாய். இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

கடைசியில் நான் உன் வழிக்கு வந்தது கொள்கையால் இல்லை, சோம்பலால். இரண்டு பேருக்கு இரண்டு பாத்திரம் யார் தேய்ப்பது? வார நாளில் உன் சமையல், சனி ஞாயிறு அம்மா வீட்டில் கெட்டித் தயிர் என்று நான் பிரித்துக்கொண்டேன். "அஞ்சு நாள் புண்ணியம், ரெண்டு நாள் பாவம்" என்று நீ கேலி செய்தாய்.

பிறகு உனக்கு வயிற்றில் கட்டி வந்தது. முதலில் பசி இல்லை என்றாய், அப்புறம் சாப்பிட்டது தங்கவில்லை. ஸ்கேன் எடுத்து, அறுத்து, மருந்து ஏற்றி, முடி கொட்டி, எல்லாம் பார்த்தாயிற்று. பார்க்க வந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அதையேதான் சொன்னார்கள். "பாலை நிறுத்தினியே, அதான் உடம்புல தெம்பில்ல." "ஒரு தம்ளர் பால் குடிச்சிருந்தா இது வந்திருக்குமா?" உன் அண்ணி வரும்போதெல்லாம் ஒரு தூக்கு நெய் கொண்டுவந்து வைத்து, வைக்கும்போதே அழுதாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். உன் பெரியம்மா மட்டும் என்னைப் பார்த்து, "கூட இருந்த நீயாவது சொல்லக் கூடாதாம்மா?" என்று கேட்டபோது எனக்கு எங்கிருந்து அடக்கம் வந்தது என்று தெரியவில்லை, சும்மா இருந்துவிட்டேன். டாக்டரே அந்த நோய்க்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருந்தார். அதை யார் கேட்டார்கள்?

அந்த மாதங்களில் நான்தான் சமைத்தேன். குருணையைக் குழைய வேகவைத்து முதல் தேங்காய்ப்பால் ஊற்றிய கஞ்சி. பாசிப்பருப்பு வேகவைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள், உப்பு. பூசணிக்காயை வேகவைத்து மசித்தது. ஒவ்வொன்றும் இரண்டு ஸ்பூன் போகும், மூன்றாவதுக்கு நீ கையைக் காட்டிவிடுவாய். நான் திட்டுவேன். திட்டினால் இன்னொரு ஸ்பூன் வாங்கிக்கொள்வாய், என்னைச் சமாதானப்படுத்த.

ஒரு நாள் சாயங்காலம் அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாய். அப்போதுதான் சொன்னாய். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர் சொல்லிட்டார்ல. ஊருக்குப் போனா கடைசியில பால் ஊத்துவாங்கடி. எங்க வீட்டுல அதை விடமாட்டாங்க. வரிசையா வந்து ஊத்துவாங்க. நீ இருந்தா வேணாம்னு சொல்லு."

"வாயை மூடு. கீரையை ஆய்" என்றேன்.

"சொல்றேன்னு சொல்லு."

"சொல்றேன். இப்பக் கீரையை ஆய்."

நீ ஆய்ந்து முடித்தாய். காம்பு ஒன்றுகூட இல்லாமல் சுத்தமாக இருந்தது. நான் வாணலியில் துவட்டினேன். நீ அதில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

உன்னை ஊருக்கு அழைத்துப்போன உன் அண்ணன் போன் செய்ததும் பஸ் பிடித்து அங்கே ஓடிவந்தேன். வழியெல்லாம் சம்பா கதிர் வாங்கி நின்றது. கூடத்தில் உன்னைத் தரையில் பாய் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். கண் பாதி மூடியிருந்தது, மூச்சு இழுத்து இழுத்து வந்தது. காலையிலிருந்து அப்படித்தான் என்றார்கள். தலைமாட்டில் ஒரு சொம்பில் பால், குழந்தைக்குப் புகட்டுகிற சங்கு. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, சங்கை உதட்டில் வைத்துச் சாய்த்தார்கள். நீ பல்லைக் கிட்டித்துக்கொண்டிருந்தாய். பால் கடைவாய் வழியாக வழிந்து கழுத்துக்கு இறங்கி, தலையணையெல்லாம் நனைந்து ஒரு புளித்த வாடை அடித்தது. ஈ மொய்த்தது. அண்ணி விசிறிக்கொண்டே இருந்தாள்.

நான் உன் அண்ணனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். "அண்ணே, அவளுக்குப் பால் வேணாம்ணே. எங்கிட்ட சொல்லியிருக்கா. நிறுத்தச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. தூங்காத கண். "உசிரு போற நேரத்துல என்னம்மா அது? பால் ஊத்தாம அனுப்பினா நாளைக்கு ஊரு என்னைக் கேக்காதா? கூடப்பொறந்தவன்னு ஒருத்தன் இருந்து இதுகூடச் செய்யலையான்னு கேக்காதா?"

"அப்ப தண்ணியாவது குடுங்கண்ணே. உதடு காஞ்சு வெடிச்சிருக்கு."

உன் பெரியம்மா அங்கிருந்தே, "வெறும் தண்ணிக்கு உசிரு அடங்காதும்மா. இழுத்துக்கிட்டே கெடக்கும். பாலுக்குத்தான் அடங்கும்" என்றார். நான் குரலை உயர்த்தினேன். யாரோ ஒருத்தர், "அந்தம்மா யாரு?" என்று கேட்டார். "கூட ரூம்ல இருந்தவங்க" என்று பதில் வந்தது. அத்தோடு என் பேச்சு முடிந்தது. சொம்பை எடுக்க நான் கை நீட்டியபோது இரண்டு பெண்கள் என்னைப் பிடித்து, அழுகிறேன் என்று நினைத்து, சுவரோரம் உட்காரவைத்துவிட்டார்கள்.

வெயில் சாயும் வரைக்கும் அப்படியே போனது. நீ வாயைத் திறக்கவும் இல்லை, உயிர் போகவும் இல்லை. அப்போதுதான் பெரியம்மா எழுந்து நின்று அதைச் சொன்னார். "பால்ல அடங்கல. இது மண்ணாசை. பங்கை எழுதிக் குடுத்துட்டா, மனசைக் குடுக்கலை. அவ பங்கு மண்ணைக் கொண்டாந்து கரைச்சு ஊத்துங்கடா."

வாய்க்காலோரத்து உன் பங்கை நீ அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டு நீ கொடுக்கவில்லை. "நான் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு எந்த வயலை உழப்போறேன்? அண்ணன் பாத்துக்கும்" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கு நீ சந்தோஷமாகப் புளியோதரை கிளறினாய். அதைச் சாப்பிட்டவள் நான். ஆனால் உன் அண்ணன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கிப் போனார். திரும்பி வரும்போது முழங்கால் வரைக்கும் சேறு, கையில் ஒரு பிடி மண்.

அதைச் செம்புத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, சங்கில் ஊற்றி அவரே உன் உதட்டில் வைத்தார். நீ வாயைத் திறந்தாய்.

மடக் மடக்கென்று தொண்டை ஏறி இறங்கியதை அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள். சங்கு காலியானதும் உதடு இன்னும் தேடியது. இரண்டாம் முறை ஊற்றினார், அதையும் குடித்தாய். "பாத்தியா, பாத்தியா" என்று பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டார். உன் அண்ணன் சங்கைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து, "மனசு வராமயா குடுத்தே? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தங்கச்சி, திருப்பி எழுதியிருப்பேனே" என்று கதறினார். விளக்கேற்றுவதற்குள் நீ போய்விட்டாய். உன் வாய்க்குள் ஒரு சொட்டுப் பால் போகவில்லை.

மறுநாள் ஆண்கள் சுடுகாட்டுக்குப் போய் எலும்பில் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். எலும்பால் என்ன செய்ய முடியும்.

நீ கேட்டதை நான் செய்யவில்லை, நீயே செய்துகொண்டாய். அதற்கு ஊர் வைத்த பேர்தான் என்னால் தாங்க முடியவில்லை. மண்ணாசையில் செத்தவள். அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே வெந்துகொண்டிருந்தவள். கருமாதியில் இரண்டு பெண்கள் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். உன் பேருக்கு எதிராக ஒரு சொல் கேட்டால் சண்டைக்குப் போகிறவள் நான். அன்றைக்கும் போனேன். "நீங்க என்னத்தக் கண்டீங்க, அவ மண்ணைக் குடிச்சதை நாங்க கண்ணால பாத்தோம்" என்றார்கள். கண்ணால் பார்த்தவர்களிடம் என்ன வழக்காடுவது?

போன மாதம் உன் அண்ணன் தஞ்சாவூர் வந்திருந்தார், உன் பீரோவை எடுத்துப்போக. செவ்வாய்க்கிழமை. ஸ்கூலில் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்து சமைத்தேன். வேறென்ன, வார நாள் சமையல்தான். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, முருங்கைக்கீரைத் துவட்டல். கடைசியில் சோற்றில் ஊற்றிக்கொண்டு, மீதியை டம்ளரில் வாங்கிக் குடித்தார். "மோர் நல்லா இருக்கும்மா" என்றார்.

"அது மோர் இல்லண்ணே. நீராகாரம். உங்க தங்கச்சி செய்யறது."

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் ரொம்பவும் இளைத்திருக்கிறார். அந்த வாய்க்காலோரப் பங்கை நீ போனதிலிருந்து அவர் உழவே இல்லையாம். சுற்றிலும் பச்சையாக இருக்க, அது மட்டும் கோரையும் முள்ளும் மண்டிக் கிடக்கிறதாம். "அவ மனசு அதுல கெடக்கு. நான் எப்படிம்மா ஏர் ஓட்டுறது?" என்றார்.

இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தேன். அந்த மனுஷனை இந்தப் பாரத்திலிருந்து இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். மாட்டையும் வைக்கோல் கன்றையும் சொன்னேன். நீ கீரை ஆய்ந்துகொண்டே கேட்டதைச் சொன்னேன். "அவ மண்ணுக்காக வாயைத் தொறக்கலண்ணே. உங்க மேல அவளுக்கு ஒரு குறையும் கெடையாது. காலைலேருந்து எல்லாரும் பாலா ஊத்தினாங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தா. பால் இல்லாம வந்தது அந்த ஒண்ணுதான். அவளுக்குத் தாகம்ணே. தண்ணிக்குத்தான் வாயைத் தொறந்தா."

அவர் முகம் ஒரு கணம் தெளிந்தது. நான் பார்த்தேன். பிறகு அது போய்விட்டது. "அப்ப நாள் முழுக்கத் தண்ணிக்குத் தவிச்சவ வாயில நாங்க..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். டம்ளரைத் தரையில் வைத்தார்.

"இல்லம்மா" என்றார். "மண்ணுக்குத்தான்."

"அண்ணே, நான் சொல்றது..."

"மண்ணுக்குன்னா நான் அந்தப் பங்கைத் தரிசாப் போட்டுட்டேன். அவளுக்குன்னு விட்டுட்டேன். அதுக்கு ஒரு வழி இருந்துச்சு, செஞ்சேன். நீங்க சொல்றதுக்கு நான் என்னம்மா செய்வேன்? அதுக்கு எதைத் தரிசாப் போடுவேன்? மண்ணுக்குத்தான்னு சொல்லும்மா."

நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் என்று நீதான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாய். உன் பேரை நல்லபடியாக்க என் கையில் இருந்தது அந்த ஒன்றுதான். அதை ஒப்புக்கொள்ளவைக்கும் வரைக்கும் விடக் கூடாது என்றுதான் அடுப்பைப் பற்றவைத்திருந்தேன். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர் உன் அண்ணன். அவரை நீ எப்படி நேசித்தாய் என்று எனக்குத் தெரியும்.

"ஆமாண்ணே" என்றேன். "மண்ணுக்குத்தான்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து பீரோவைக் கட்டப் போனார். நீ தண்ணீருக்குத்தான் வாயைத் திறந்தாய். இனி அது எனக்கு மட்டும் தெரியும்.